முதியோர் குடியிருப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவையில் நல்ல முதியோர் குடியிருப்பு ஒன்றின் பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும். (சென்னை வாசகர்)

யாருக்காகப் பார்க்கிறீர்கள், அவருக்கு என்ன வயது, தானாகக் குளிக்க முடிகிறதா, மாதம் எவ்வளவு செலவழிக்க இயலும் என்ற எந்த விவரமும் உங்கள் கடிதத்தில் இல்லை. வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் இத்தகைய குடியிருப்புகள் பல உண்டு. ஒருவருக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராது. விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: வீட்டை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? (திருச்சி)

குடியேறப் போகிறவர் முதலில் மூன்று மாதமாவது வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். மனம் ஒட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கட்டி முடியாத திட்டமாக இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். அதற்கான 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தை முழுவதும் படிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. நன்றாக நடக்கிறார், கொஞ்சம் மறதி உண்டு. குடியிருப்பில் '24 மணி நேர மருத்துவ வசதி' இருப்பதாகச் சொல்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா? (ஈரோடு)

இந்த ஒரு வரியை நம்பி ஏமாந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இரவில் ஒரே ஒரு நர்ஸ், அழைத்தால் வரும் டாக்டர், பகலில் மட்டும் டிரைவர் இருக்கும் ஆம்புலன்ஸ் ஆகியவற்றையும் இதே சொற்களால்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஆகவே முன்னறிவிப்பு இல்லாமல் இரவு ஒன்பது மணிக்கு மேல் நேரில் போய், பணியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

என் பெரியம்மா ஒரு குடியிருப்பில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அவசர அழைப்புக்கான சிவப்புக் கயிறு அங்கே இருந்தது. ஆனால் தரை கழுவும்போது நனைகிறதென்று, அதைச் சுருட்டி டவல் கம்பிக்கு மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். கீழே கிடந்தவரின் கைக்கு அது எட்டவில்லை. காலைக் காபி கொண்டுவந்த பெண்தான் அவரைப் பார்த்தாள். கயிறு தரையைத் தொடுமளவு தொங்குகிறதா என்று பாருங்கள். இழுத்துவிட்டு, எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைய ஏறத்தாழ மூன்று அடி அகலம் வேண்டும். லிப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வசமாக ஏற்ற முடிய வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒப்பந்தத்தில் இருக்கிறது. 'தன் வேலைகளைத் தானே செய்துகொள்ள இயலாதவர் குடியிருப்பில் தொடர இயலாது' என்ற பொருளில் ஒரு பிரிவு பல ஒப்பந்தங்களில் உள்பக்கத்தில் இருக்கும். இன்றைய மறதி நாளை டிமென்ஷியா என்னும் மறதி நோயாக மாறினால், அல்லது அவர் படுக்கையில் விழுந்துவிட்டால், அதே வளாகத்தில் அசிஸ்டட் லிவிங் பிரிவு (அன்றாட வேலைகளுக்கு ஆள் உதவி கிடைக்கும் பகுதி) உண்டா, அங்கே இடம் உறுதியா, அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எண்பதை நெருங்கும் ஒருவரை, உடல் மிகவும் தளர்ந்துபோன நேரத்தில் பெட்டி படுக்கையோடு இடம் மாற்றுவது பெருங்கொடுமை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன், ஒப்பந்தத்தைப் படியுங்கள். மறதிக்கு இதுவரை மருத்துவரிடம் காட்டவில்லை என்றால், குடியிருப்பு தேடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் என்கிறார்கள். ஓய்வூதியம் 40,000. போதுமா? (மதுரை)

இன்றைக்குப் போதும். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் ஒன்பது ஆண்டுகளில் அது ஏறக்குறைய 50,000 ஆகிவிடும். உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தனியாக ஆயா வைக்க நேர்ந்தால் அந்தச் செலவு வேறு.

கேள்வி: குடியிருப்புக்குப் போகுமுன் சொந்த வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிடலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். உயிலாக எழுதினால் நினைத்தபோது மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தை அப்படி மாற்ற முடியாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் அங்கே திண்டாடுகிறார்கள்.

கேள்வி: முன்பணம் கட்டிவிட்டோம், இப்போது அம்மா வர மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (பெங்களூரு)

அவருக்கு இடத்தைக் காட்டாமலே பணம் கட்டியது உங்கள் தவறு. விருந்தினர் அறையில் ஒரு வாரம் அவரோடு நீங்களும் தங்குங்கள். சமையல் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். மூன்று வேளையும் அங்கே சாப்பிடப் போகிறவர் அவர். அதன் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இருக்கும். அதன் நகலை அனுப்பினால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.