புகைப்படக்காரர்கள் நம் கல்யாணப் படங்களை எப்படிப் பத்திரமாக வைக்கிறார்கள்?

உங்கள் தங்கையின் கல்யாண ஆல்பம் கைக்கு வந்துவிட்டது, இரண்டு வருடம் கழித்து அசல் ஃபைல்களைக் கேட்டால் "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு" என்கிறார்களாம். இந்தத் தொழிலில் இது சகஜமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹார்ட் டிஸ்க் போவது சகஜம்தான். அதோடு படமும் போவது சகஜமில்லை. நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்பேன். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

வேலை மண்டபத்திலேயே ஆரம்பிக்கிறது. நல்ல கேமராக்களில் இரண்டு கார்டு போடலாம். முதல் கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குப் போகும்படி வைக்காமல், ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழும்படி வைக்க வேண்டும். முடிந்ததும் ஒரு கார்டு கேமராப் பையில், இன்னொன்று என் சட்டைப்பையில். வழியில் சாப்பிட நிறுத்தும்போது காரை உடைத்துப் பையைத் தூக்கினாலும் கல்யாணம் தப்பிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிஸ்கில் காப்பி. காப்பி ஆனது அசலோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் மென்பொருள் உண்டு, அதையும் ஓட்டுவேன். மூன்றாவது பிரதி ஆகும்வரை கார்டை ஃபார்மட் பண்ணுவதில்லை.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். கடைசி ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே சாயங்காலமானால் இடி மின்னல். ஒரே பிளக்கில் செருகிய இரண்டு டிஸ்கும் ஒன்றாகவே போகும். யுபிஎஸ் இருக்கட்டும், ஆனால் வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். என் மூன்றாவது பிரதி ஈப்போவில் அக்கா வீட்டில் இருக்கிறது. பூட்டுச்சொல் போட்ட டிஸ்க்தான். சடங்குப் படங்களில் சின்னப் பெண்கள் இருக்கிறார்கள், யார் கையிலும் திறந்துவிடக் கூடாது.

கிளவுட் போதாதா என்பார்கள். 3,000 படம், ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் 90 ஜிபி. நொடிக்கு 50 மெகாபிட் அப்லோட் வேகம் முழுதாகக் கிடைத்தாலே நாலு மணி நேரம். எல்லா இடத்திலும் அந்த வேகம் எங்கே? அதனால் திருத்தி முடித்த ஜேபெக் படங்கள் மட்டும் மேலே போகும், கேமராவில் விழுந்தபடியே இருக்கும் ரா ஃபைல்கள் டிஸ்கில். அப்புறம், கணினியோடு தானாகவே ஒத்திசையும் கிளவுடில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதை பேக்கப் என்று நம்பாதீர்கள்.

ஆல்பத்துக்குத் தேர்வாகாத படங்களையும் நான் அழிப்பதில்லை. மணமக்கள் படம் எல்லாரிடமும் இருக்கும், அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. கேட்டு வருவது பந்தியில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் படத்தை, துக்க வீட்டில் மாட்ட. ராத்திரி போன் வரும், விடிவதற்குள் வேண்டும். தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, கோயிலையும் இடம் மாற்றிய பிறகு "பழைய கோபுரம் இருக்கா அண்ணே?" என்று வருபவர்களும் உண்டு. அதனால்தான் ஃபோல்டரின் பெயரிலேயே தேதியும் தோட்டப் பெயரும். பத்திரமாக இருந்தும் தேடிக் கிடைக்காத படத்தால் அந்த ராத்திரிக்கு என்ன பிரயோசனம்?

சட்டம்: மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. ஆனால் எத்தனை வருடம் வைத்திருப்பது என்பது நீங்கள் பேசிக்கொள்வதுதான். அடுத்த தடவை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். ஃபைல்களைக் கையில் வாங்கி நீங்களும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. அந்த டிஸ்கைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டிக் டிக் சத்தம் வந்தால் மீட்புக் கடைக்குத்தான் போக வேண்டும், செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்கும் முன்னால், ஆல்பத்தை யார் டிசைன் பண்ணினார்கள் என்று கேளுங்கள். பலர் அதை வெளியே கொடுப்பார்கள், முழு அளவுப் படங்கள் அங்கே அனுப்பப்பட்டிருக்கும். நாளைக்கே போன் பண்ணுங்கள், அவர்களும் இடம் போதவில்லை என்று அழித்துவிடுவார்கள்.