சுக்குட்டி விஷமா?

கேள்வி: மழை விட்டதும் எங்கள் கொல்லையில் சுக்குட்டி தானாக முளைத்து, காய்த்துக் கிடக்கிறது. வற்றல் போடலாம் என்று ஒரு கூடை பறித்தேன். கல்லூரியில் படிக்கும் மகன் போனைப் பார்த்துவிட்டு, ‘அம்மா, இது விஷச்செடியாம்’ என்று கூடையைப் பிடுங்கி வைத்துவிட்டான். சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறோமே?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் கூடையைத் திருப்பி வாங்குங்கள். உங்கள் பக்கத்துச் சுக்குட்டிதான் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மணத்தக்காளி. ஆங்கிலத்தில் இதற்கும் பெல்லடோனா என்ற கொடிய விஷச்செடிக்கும் ‘நைட்ஷேட்’ என்றுதான் பெயர். பையன் அதில் மயங்கியிருப்பான். பெல்லடோனா ஐரோப்பாப் பக்கத்துச் செடி. ஊதா நிறத்தில் மணி போலப் பூக்கும், பழம் ஒற்றை ஒற்றையாக நிற்கும். நம்முடையதில் பூ வெள்ளை, நடுவில் மஞ்சள்; மிளகைவிடக் கொஞ்சம் பெரிய காய்கள் கொத்தாகத் தொங்கும்.

ஆனாலும் பையனை ஒரேயடியாகத் திட்டிவிடாதீர்கள். மணத்தக்காளியின் பச்சைக் காயில் சோலனைன் என்ற நச்சு உண்டு. தோல் பச்சையாகிப்போன உருளைக்கிழங்கில் இருப்பதும் இதுதான். ஆகவே செடியிலிருந்து பறித்து வாயில் போடுவதென்றால் நன்றாகக் கறுத்துக் கனிந்த பழம் மட்டும் (ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும் ரகமும் உண்டு). குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். வற்றலும் குழம்புக்கு ஒரு கை என்ற அளவோடு இருக்கட்டும்.

வற்றல் போடும்போது அவசரம் கூடாது. காயை லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற வைக்க வேண்டும். பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே மோர். மோர் தீர்ந்த பிறகும் கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும்வரை காய வேண்டும். கல்யாணமான புதிதில் நான் இரண்டே வெயிலில் எடுத்து ஜாடியில் போட்டேன். பத்து நாளில் பூசணம். என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் காலி ஜாடியை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார்!

காய்ச்சல் விட்டு நாக்குச் செத்துக் கிடப்பவருக்கு இதை நெய்யில் வறுத்து, சுடுசாதத்தில் பிசைந்து கொடுங்கள். இரண்டு கவளமாவது கூட இறங்கும். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற அங்காயப் பொடியில் சுண்டை வற்றல், வேப்பம்பூ, சுக்கோடு இதுவும் சேரும்.

கேள்வி: என் கணவருக்கு அடிக்கடி வாய்ப்புண். மணத்தக்காளி வற்றல் சாப்பிட்டால் ஆறுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: புண்ணில் உப்பு வற்றலா? பாவம், அலறிவிடுவார். வாய்ப்புண்ணுக்கு நம் வீடுகளில் கொடுப்பது மணத்தக்காளிக் கீரை. பாசிப்பருப்போடு வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குங்கள். மிளகாய் கிள்ளிப் போடுகிற வேலை வேண்டாம். அடிக்கடி வருகிறது என்கிறீர்களே, பி12, இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படி வரும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ, அவருக்கு வெற்றிலை புகையிலைப் பழக்கம் இருந்தாலோ, கீரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், புண் ஆறிய பிறகும் வற்றல் குழம்பு என்றைக்காவது ஒருநாள்தான். அன்றைக்கும் வற்றலில் இருக்கிற உப்பைக் கணக்குப் பண்ணி, குழம்பில் பாதி உப்புப் போடுங்கள்.