அம்மா மேல் செய்த சத்தியம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சேரன்மகாதேவி பக்கம் எங்க ஊர். வயசு 18. பிளஸ் டூ எழுதி முடிச்சிருக்கேன். டியூஷன்ல கூடப் படிச்ச பிள்ளையும் நானும் பழகினோம். அவளுக்கு 17. வேற சமூகம். போன ஆடியில அவ அம்மா கேன்சர்ல இறந்துட்டாங்க. பதினாறு முடிஞ்சும் அவ பழைய மாதிரி ஆகல. ராத்திரி உறங்க மாட்டா. அடுப்படியில இருந்து அம்மா கூப்பிடுதாங்கன்னு சொல்லுவா. தை பிறந்த பிறகு குளிக்கது, சாப்பிடுதது எல்லாமே குறைஞ்சுபோச்சு. அவ ஆச்சி ஒரு சாமியாடிட்டக் கூட்டிட்டுப் போய்க் கயிறு கட்டிவிட்டாங்க. பங்குனியில ஒருநாள், 'அம்மா தலைத்திவசத்துக்குள்ள நானும் போயிருவேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணு'ன்னா. பண்ணிட்டேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. கடைசியில அவ சித்தி வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவளைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. இப்போ வீட்டுல இருந்து மாத்திரை சாப்பிடுதா. எங்க விஷயம் ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சு, அவ மாமா என்னை அடிச்சார். எங்கப்பா போனைப் பிடுங்கிட்டார். அவகிட்ட இருந்து ஒரே ஒரு சேதிதான் வந்துச்சு: 'எங்கம்மா மேல பண்ணுன சத்தியத்தை மீறிட்ட. இனி நீ யாரோ நான் யாரோ.' கூட்டாளிங்க, 'கிறுக்குலதான் உன்னை லவ் பண்ணுனா, தெளிஞ்சதும் விட்டுட்டா, வேலையைப் பாருல'ங்கானுவ. அப்படியா அண்ணாச்சி? நான் செஞ்சது துரோகமா? எனக்கும் இப்போ உறக்கம் இல்ல.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

துரோகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (உன் கடிதத்தில் அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நம் பக்கத்தில் சத்தியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சுடலைமாடன் பீடத்தில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணு என்றதும், வாங்காத கடனைக் கட்டிவிட்டு எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன தாயின் மேல் என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தில்கூடச் சாதி பார்க்கும் மாவட்டம் இது. இங்கே வேறு சாதிப் பெண்ணின் சித்தி வீட்டுப் படியேறிப் போய்ப் பேசியிருக்கிறாய். அடி விழும் என்று தெரிந்துதான் போயிருப்பாய். பெரியவர்கள் பலருக்கு அந்தத் தைரியம் வராது.

அவள் நாள் குறித்திருந்தாள். சாகணும் போல இருக்கு என்று யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. மனநல மருத்துவர்கள் இதை நேராகவே கேட்பார்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத நினைப்பு புதிதாக வந்துவிடாது, அந்தப் பயம் வேண்டாம். இன்னொன்று. சாக நினைக்கிற மனசுக்குள் இருக்க நினைக்கிற மனசும் கிடக்கும். அதுதான் உன்னைத் தேடி வந்து சொன்னது. சொன்ன வாயே சத்தியமும் கேட்டது. அவள் முதலில் சொன்னதை நீ காதில் வாங்கிக்கொண்டாய். அவ்வளவுதான் நடந்தது.

இதே நிலையில் வேறு பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். காதலைச் சொல்லாமலே ஆபத்தைச் சொல்லலாம். 'என்கூடப் படிக்கிறவ சாகப்போறேங்கா, கொஞ்சம் பாருங்க' என்று ஒரு டீச்சரிடமோ, சித்தியிடமோ, மாமாவிடமோ சொன்னால் போதும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமனாஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

அடுப்படியில் அம்மா கூப்பிட்டதைக் கிறுக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. இறந்தவரின் குரல் கேட்பதும், வீட்டில் அவர் நடமாடுவதாகத் தோன்றுவதும் துக்கத்தில் பலருக்கும் வருவதுதான். நல்ல தெளிவோடு இருக்கிறவர்களுக்கும் வரும். என்னைக் கவலைப்பட வைத்தது நீ அதற்கடுத்து எழுதியதுதான். துக்கம் அலை அலையாக வரும். நடுவில் ஒரு வாய் சோறு ருசிக்கும், பழைய பேச்சு ஒன்று நினைவு வந்து சிரிப்புகூட வரும். மாதக்கணக்கில் உறக்கம் இல்லாமல், சோறு வேண்டாமல், குளிக்க எழ முடியாமல், நான் எதற்கு இருக்கணும் என்று போனால் அங்கே துக்கத்தோடு நோயும் சேர்ந்துவிட்டது. மனச்சோர்வு நோய்க்கு மருந்து உண்டு. பலன் தெரியச் சில வாரம் ஆகும். கொஞ்சம் தெளிந்ததும் தானாக நிறுத்தக் கூடாது.

ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளைக் குழியில் வைத்துவிட்டு, பேத்தியும் கைவிட்டுப் போகிறாளே என்று தனக்குத் தெரிந்த வாசலில் போய் நின்றிருக்கிறாள். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். மாத்திரையும் உள்ளே போகவேண்டும். கோயிலே போதும், தர்காவே போதும் என்று கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் பார்த்தோம். கொட்டகையில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது.

உன் கூட்டாளிகள் சொன்னது எனக்குக் கோபத்தைத் தந்தது. சர்க்கரை நோய் வந்தவன் காதலித்தால் சர்க்கரையால் காதலித்தான் என்பார்களா? நோய் வருவதற்கு முன்பிருந்தே நீங்கள் பழகியிருக்கிறீர்கள். தாயை இழந்தபின் அவள் உன்னை இன்னும் இறுகப் பிடித்திருக்கலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் உயிரை இன்னொரு பிள்ளை ராத்திரி பகலாகத் தனியே காவல் காத்துக்கொண்டிருக்க முடியாது. 18 வயதில் அந்தப் பாரம் உனக்குக் கூடாது.

அவள் கோபத்தை அவளிடமே விட்டுவிடு. அவள் பக்கத்திலிருந்து யோசித்தால், நம்பிச் சொன்ன ஒரே ஆள் ஊரறிய வைத்துவிட்டான். கோபப்பட அவளுக்கு நியாயம் இருக்கிறது, நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் போய் நிற்காதே. தோழிகள் மூலம் தூது விடாதே. உன் அப்பா பயப்படுவதை வெறும் மானப் பிரச்சினை என்றும் நினைக்காதே. அவளுக்கு இன்னும் 18 ஆகவில்லை, போக்சோ சட்டத்தைக் காட்டி மிரட்ட அவள் வீட்டாருக்கு வழி இருக்கிறது. ஒருநாள் அவளே பேசலாம், பேசாமலும் போகலாம். அந்த உத்தரவாதத்தை என்னால் தரமுடியாது.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது. ஆடி வருகிறது. வருஷம் திரும்புகிற நாட்களில் துக்கம் மறுபடி கிளம்பும், அவள் குறித்த நாளும் அதுதான். உன் அம்மாவிடமோ, சித்தி மதிக்கிற ஒரு டீச்சரிடமோ சொல்லி, சித்தியிடம் பேசச் சொல். திவசத்துக்கு முன்னும் பின்னும் அவளோடு யாராவது படுத்துக்கொள்ளட்டும். வீட்டில் வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தட்டும். மாத்திரையை ஒரு பெரிய ஆள் கையில் வைத்து வேளாவேளைக்குக் கொடுக்கட்டும்.

இனி உன் உறக்கம். சாவுக்குப் பதினாறு உண்டு, திவசம் உண்டு, வந்து உட்கார்ந்து அழ ஆட்கள் உண்டு. உன் இழப்பைக் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. அடிதான் கிடைத்திருக்கிறது. அதே 14416 உனக்கும்தான். ரெண்டு வாரத்துக்கு மேலும் உறக்கம் வராவிட்டால், அவளைப் பார்த்த ஐகிரவுண்டு மனநலப் பிரிவில் நீயும் ஒரு சீட்டுப் போட்டு டாக்டரைப் பார். அப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல், நான் அவரோடு பேசுகிறேன்.

கல்லூரி பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. விண்ணப்பம் போட்டாயா? கடைசித் தேதி முடிவதற்குள் போடு. எந்தப் பாடம் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அண்ணாச்சி