எல்லாருக்கும் கதை, எனக்கு மட்டும் தூக்கமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நூலகமும் என் பொறுப்பு. பள்ளி விட்டும் மாலைவரை அங்கேதான். ஞாயிறுதோறும் நிபோங் திபால் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போய், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளும் என் பள்ளிதான். காலையில் ஃபெர்ரியில் போகும்போதுகூட வாசிப்புப் பதிவேடு என் மடியில் இருக்கும். "அங்கே எல்லாருக்கும் கதை சொல்றீங்க, எனக்கு மட்டும் தூங்குன்னு சொல்றீங்க" என்று போன வாரம் அழுதாள். வீட்டைக் கவனி என்கிறார் கணவர். எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா?
– ஒரு நூலக ஆசிரியை, பினாங்கு

பதில்: அன்புள்ள டீச்சர், விட வேண்டாம்.

நான் படித்த தோட்டப் பள்ளியில் நூலகம் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. சாவி பெரிய வாத்தியாரிடம். ஓய்வு நேரத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, புத்தக முதுகில் இருக்கும் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்போம். ஆறு வருடத்தில் அது திறந்து நான் பார்த்தது இரண்டே தடவை. அதனால் நீங்கள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். 1816-இல் நம் மலேசியாவின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியதும் உங்கள் பினாங்கில்தான். 2016-இல் 200 ஆண்டு விழா கொண்டாடினோமே, அத்தனை காலம் அது தாக்குப்பிடித்தது உங்களைப் போன்றவர்களால்தான்.

ஆனால் மகள் கேட்டதும் நியாயம். அவள் உங்கள் வேலையைக் கேட்கவில்லை, ஒரு கதையைத்தான் கேட்கிறாள். மகளையும் ஞாயிறு வகுப்புக்குக் கூட்டிப் போங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அங்கே அவள் கூட்டத்தில் ஒருத்தி, நீங்கள் எல்லாருக்கும் டீச்சர். அவளுக்கு அம்மா வேண்டும்.

மாலை வேலையை எடுத்துக்கொள்வோம். கிழிந்த அட்டையை ஒட்டுவதும், தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று நூலக வகைப்பாட்டு எண் சீட்டு ஒட்டுவதும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் சும்மா விடாது. புத்தகங்களை எடுத்துத் தட்டிக் காற்றாட வைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இரண்டு பேரைக் கேளுங்கள். நாம் கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை. வாரத்தில் மூன்று நாளாவது மணி அடித்ததும் மகளோடு கிளம்பிவிடுங்கள்.

தோட்டத்தில் உங்களிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு, ஐந்துக்கு வந்திருப்பார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அவர்களே வகுப்பை நடத்தட்டும். முதலில் கொஞ்சம் தடுமாறுவார்கள், பரவாயில்லை. எப்போதாவது ஒரு வேன் பிடித்து எல்லாரையும் செபராங் ஜெயா மாநில நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கணவரிடம் "எது குறைகிறது?" என்று நேராகக் கேளுங்கள். ஞாயிறு மதியம் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் அந்த ஃபெர்ரி. பத்துப் பதினைந்து நிமிடப் பயணம்தான். நாளைக் காலை பதிவேட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எந்தக் கதை என்பதை அவளே சொல்லட்டும்.