முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. போன மாதம் கோயிலில் கொடுத்த லட்டைச் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தியும் எடுத்தான். பரிசோதனையில் முந்திரியும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. தீபாவளி வருகிறது. என் மாமியார், "முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுத்தால் என்ன?" என்கிறார். அவனுக்கு என்ன பலகாரம் கொடுக்கலாம்? தேங்காய், நிலக்கடலை சாப்பிடலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட் தோட்டப்புறம்

பதில்: அம்மா, உங்கள் மாமியார் பேரன் ஏங்கிப் போகக் கூடாதே என்றுதான் சொல்கிறார். ஆனால் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுப்பது ஆபத்து. நம் வீட்டுப் பாயசத்தையே பாருங்கள். முந்திரியை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, அந்த நெய்யோடு சேர்த்துத்தானே ஊற்றுகிறோம்? ஒவ்வாமையைக் கிளப்புவது முந்திரியில் உள்ள புரதம். வறுத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. பருப்பை எடுத்துவிட்டாலும் அதன் தூளும் புரதமும் பாயசத்திலேயே இருக்கும்.

என்னிடம் ஒரு சிறுமியை இரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் இமை இரண்டும் வீங்கி மூடிவிட்டன, மூச்சு இழுத்தது. சாப்பிட்டது வெறும் கேசரி, முந்திரியே போடவில்லை என்று தாயார் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். விசாரித்தபோதுதான் தெரிந்தது: பாயசத்துக்கு முந்திரி வறுத்த குவாலியை, அதாவது வாணலியை, துணியால் துடைத்துவிட்டு அதிலேயே ரவையைக் கிளறியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு பலகாரத்தில் பருப்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சட்டியில், எந்த எண்ணெயில், எந்தக் கரண்டியால் செய்தார்கள் என்று கேளுங்கள். விருந்துக் குருமாவில் முந்திரி விழுதாக அரைபட்டிருக்கும். வறுத்த கடலை வகைகள் விற்கிற கச்சாங் பூத்தே கடையில் வறுத்த பட்டாணி பாதுகாப்பானதுதான், ஆனால் முந்திரியை அள்ளிய அதே கரண்டிதான் பட்டாணிக்கும் வரும். அந்தக் கடைப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

பாக்கெட் பண்டத்துக்கு நம் மலேசியாவில் ஒரு பாதுகாப்பு உண்டு. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, கொட்டைப் பருப்பு சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியே ஆக வேண்டும். மலாயில் 'காஜூஸ்' என்றால் முந்திரி, 'பாடாம்' என்றால் பாதாம். 'கச்சாங்', 'கெகச்சாங்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் எந்தக் கொட்டை என்று தெரியாது, வைத்துவிடுங்கள். 'முங்கின் மெங்கண்டுங்கி', அதாவது 'கலந்திருக்கலாம்' என்று இருந்தாலும் அப்படியே. ஆனால் இந்த எச்சரிக்கையை நிறுவனங்கள் தாமாகப் போடுவதுதான். அது இல்லை என்பதாலேயே பண்டம் சுத்தம் என்று ஆகிவிடாது. வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், சேர்மானம் மாறும். தீபாவளிக்குப் போத்தலில் அடைத்து விற்கிற வீட்டுப் பலகாரத்தில் பெரும்பாலும் லேபிளே இருக்காது. செய்தவரை நேரில் தெரிந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

சரி, என்ன கொடுக்கலாம்? வீட்டில் செய்கிற முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, அவித்த மரவள்ளிக்கிழங்கு, சோளம், கொண்டைக்கடலைச் சுண்டல், வாழைப்பழம், கொய்யா எல்லாம் கொடுக்கலாம். முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பம் என்று யாராவது பயமுறுத்துவார்கள். மாம்பழச் சதை பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யாது. தேங்காயும் அப்படித்தான். அமெரிக்காவே 2025இல் தேங்காயைக் கொட்டைப் பருப்பு ஒவ்வாமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதுவரை தேங்காய்ச் சட்னியும் மாம்பழமும் ஒத்துக்கொண்டிருந்தால் தொடரட்டும். நிலக்கடலை முந்திரியின் இனமல்ல, அவரை இனத்தைச் சேர்ந்தது. ஆனாலும் சிலருக்கு இரண்டுமே ஆகாது. நிலக்கடலையோடு பாதாம், அக்ரூட்டையும் சேர்த்துப் பரிசோதித்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இந்த மூன்றும் வேண்டாம்.

பலகாரம் சுடும் நாளில் தம்பிக்கு உரியதை முதலில் செய்துவிடுங்கள். புது எண்ணெய், சோப்புப் போட்டுக் கழுவிய குவாலி. ஆறியதும் தனிப் போத்தலில் போட்டு அவன் பெயரை எழுதி வையுங்கள். மற்றவர்களுக்கு முந்திரி கேக் வேண்டுமென்றால் அது கடைசியில். என்னைக் கேட்டால், இந்த வருடம் முந்திரியே வீட்டுக்குள் வர வேண்டாம்.

அப்புறம், முக்கியமான விஷயம். உடம்பு தடித்ததோடு வாந்தியும் வந்தது என்றால் அது சாதாரண அரிப்பு அல்ல. அடுத்த முறை இதைவிடக் கடுமையாகவும் வரலாம். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சுத்திணறலை நிறுத்தாது. உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசி. தோட்டத்திலிருந்து மருத்துவமனை தூரம் என்பதால் இந்த ஊசி உங்கள் கையில் இருப்பது அவசியம். அவன் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, துவண்டு விழுந்தாலோ ஊசியைப் போட்டுவிட்டு 999க்கு அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்காரட்டும், ஆனால் எழுந்து நடக்கக் கூடாது. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

ஊசி வாங்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருந்தில்லாத பயிற்சி ஊசியை அவர் கையில் கொடுத்து, இரண்டு மூன்று முறை தன் தொடையில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் தம்பியோடு வீட்டில் இருக்கப்போவது அவராக இருக்கலாம்.