ஓணான், பல்லி, அரணையைத் துரத்தாமல் படம் எடுப்பது எப்படி?

கேள்வி இது: கிராமத்து வீட்டைச் சுற்றி வேலியில் ஓணான், சுவரில் பல்லி, விறகு அடுக்கில் அரணை எல்லாம் உண்டு. கையில் 70-300 மிமீ ஜூம் லென்ஸ் இருக்கிறது. கிட்டே போனால் ஓடிவிடுகின்றன, கிடைக்கும் படமும் மங்கலாகவே வருகிறது. மிக நெருக்கத்தில் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். ஓணானுக்கு 70-300 தான் பொருத்தம். அதன் தலையையும் முன்னங்காலையும் பெரிதாகக் காட்ட 100 மிமீ மேக்ரோவில் அரை மீட்டருக்குள் நெருங்க வேண்டும். 300 மிமீ-இல் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றே எடுக்கலாம். அந்த ஒரு மீட்டர் வித்தியாசத்தில்தான் ஓணான் இருப்பதும் ஓடுவதும்.

ஆனால் லென்ஸைவிட முக்கியம், அது உட்காரும் இடத்தைத் தெரிந்துகொள்வது. ஆண் ஓணான் தன் எல்லைக்குள் ஒரே வேலிக்கால், ஒரே கல்முனை என்று திரும்பத் திரும்ப வந்து உட்காரும். கேமராவை எடுக்காமல் இரண்டு மூன்று நாள் காலையில் பார்த்து, எந்த இடம், எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவுக் குளிரில் உடம்பு சில்லிட்டிருப்பதால் காலையில் முதல் வெயில் படும் இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, உடலைத் தட்டையாக்கிக் காயும். நிறமும் கொஞ்சம் கருத்திருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரம்தான் உங்களுக்கானது. உடம்பு சூடேறிவிட்டால் அதன் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் வெளிச்சமும் சாய்ந்து மென்மையாக விழுவது கூடுதல் லாபம்.

நேராக நடந்து போகாதீர்கள். ஐந்து மீட்டரில் நின்று முதல் படத்தை எடுத்துவிட்டு, குனிந்தபடி சாய்வான பாதையில் ஓரடி வையுங்கள், அரை நிமிடம் அசையாமல் இருங்கள், பிறகு அடுத்த அடி. உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது; விழுந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டினாலோ முன்னங்காலை ஊன்றி உடலை ஏற்றி இறக்கினாலோ நின்றுவிடுங்கள். மரத்தின் மறுபக்கம் நழுவினால் சுற்றிப் போய்த் தேட வேண்டாம். நீங்கள் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும். அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வரும். இன்னும் நல்ல வழி, வெயில் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று கை நடுக்கம்: 300 மிமீ-இல் ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, ஏன் 3200 வரை ஏறினாலும் கவலை இல்லை. அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், நடுக்கத்தை எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது, கூர்மையின் ஆழம். ஒன்றரை மீட்டரில் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் கூர்மையாக விழுவது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பட்டைதான். ஓணான் உங்களைப் பார்த்து முகத்தை நீட்டியிருந்தால் மூக்கு தெளிவாகவும் கண் கலங்கியும் வருவது இதனால்தான். உடல் லென்ஸுக்கு இணையாக இருக்கும் கோணத்தைப் பிடியுங்கள். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். தானியங்கிக்கு விட்டால் முதுகு முள்வரிசையையோ முன்னால் நிற்கும் புல்லையோ பிடித்துக்கொள்ளும். கண் சரியாக விழுந்தால் செதில் மூடிய இமையின் நடுவே வட்டமான சிறு திறப்பும், அதிலிருந்து கதிர்போலப் பிரியும் கருங்கோடுகளும் தனித்தனியாகத் தெரியும். ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடினால், லென்ஸின் குறைந்தபட்சத் தூரத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டீர்கள் என்று பொருள், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இனப்பெருக்கக் காலத்து ஆணின் சிவந்த தொண்டையை வெயிலில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 குறையுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு வெடித்து, செதில் எதுவும் தெரியாத ஒரே பூச்சாகிவிடும். வேலி உச்சியில் இருப்பதைக் கீழிருந்து எடுத்தால் பின்னணி வெள்ளை வானமாகும். இரண்டடி நகர்ந்து, தூரத்து மரநிழலைப் பின்னால் கொண்டுவாருங்கள். கேமரா எப்போதும் அதன் கண் மட்டத்தில்.

பல்லிக்குக் கணக்கே வேறு. வெள்ளைச் சுவர் கேமராவை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை +1 கூட்டுங்கள். குழல் விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை விழுந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். பூச்சிக்காகக் காத்திருக்கும் பல்லி அந்த வேகத்துக்கு அசையாமல் இருக்கும். நேர் ஃபிளாஷ் சுவரில் அழுத்தமான நிழலைப் போடும். முடிந்தால் கேமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் பிடித்து, முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். டார்ச்சைக் கண்ணில் அடித்துக்கொண்டே இருந்தால் கண்மணி மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். விரிந்த கண்மணி வேண்டுமானால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

அரணையின் வழவழப்பான செதில் வெயிலிலும் ஃபிளாஷிலும் கண்ணாடிபோல மினுங்கி நிறத்தையே மறைக்கும். மேகமூட்டமோ நிழலோதான் அதற்கு நல்லது. லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டி மினுக்கத்தை ஓரளவு அடக்கும், ஆனால் வெளிச்சத்தில் ஒன்றிரண்டு ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) தின்றுவிடும். விறகு அடுக்கின் ஓரத்தில் தரையோடு படுத்துக் காத்திருங்கள், தலை முதலில் வெளியே வரும்.

எதையும் பிடித்து இடம் மாற்றி வைத்து எடுக்க வேண்டாம். பல்லியும் அரணையும் பயத்தில் வாலை உதிர்த்துவிடும். அந்த வாலில்தான் கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும், திரும்ப முளைப்பதில் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் இருக்கும். அசையாமல் இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பது கொடுமை, அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்ப்பதானால் வெறும் கை வேண்டாம், அடியில் தேளோ பாம்போ இருக்கலாம்; நீண்ட குச்சியால், உங்கள் பக்கம் திறக்காதபடி மறுவிளிம்பை மெல்லத் தூக்கி, பார்த்ததும் இருந்த இடத்தில் அப்படியே இறக்கிவிடுங்கள்.