ஐந்தரை மீட்டர் புடவையும் ஒரு ஜன்னலும்

கேள்வி: அக்கா, தண்டையார்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் வெளிச்சத்தில் கண் மூட முடிவதில்லை. ஜன்னல் நாலடிக்கு நாலடி. ரெடிமேட் ஸ்கிரீன் விலை கட்டுப்படியாகவில்லை. மாமியாரின் கால் மிஷின் சும்மா கிடக்கிறது. எனக்கு நேர்த்தையல் மட்டும்தான் வரும். கையில் 1,500 ரூபாய் இருக்கிறது. நானே தைத்துவிட முடியுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நேர்த்தையல் வருமென்றால் ஸ்கிரீன் தைக்கவும் வரும். ஜாக்கெட் மாதிரி கழுத்து வளைவு, கைக்குழி என்று இதில் எதுவும் கிடையாது. கெட்டுப்போவதெல்லாம் அளவெடுக்கும்போதும் வெட்டும்போதும்தான்.

ராயபுரத்தில் குடியிருந்தபோது என் முதல் ஸ்கிரீனை நல்ல விலையுள்ள துணியில் தைத்தேன். காசை மிச்சம் பிடிக்க ஜன்னல் அகலத்துக்குச் சரியாக வெட்டினேன். இழுத்துவிட்டால் விறைப்பாக, காயப்போட்ட துண்டு மாதிரி நின்றது. நடுவிலும் பக்கத்திலும் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: துணியின் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அகலத்தைக் குறைக்காதீர்கள். ஸ்கிரீன் மாட்டும் கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் துணி வேண்டும், கஷ்டமென்றால் ஒன்றரை மடங்காவது வேண்டும். மலிவான துணிகூட மடிப்பு மடிப்பாக விழுந்தால் அழகாகத்தான் இருக்கும், வெளிச்சத்தையும் அடைக்கும்.

உங்கள் ஜன்னல் 48 அங்குலம். கம்பி இருபுறமும் ஆறாறு அங்குலம் நீண்டு 60 அங்குலமாக இருக்கட்டும். ஸ்கிரீன் ஜன்னலுக்கு மேலே 4 அங்குலத்தில் தொடங்கி, கீழே 8 அங்குலம் இறங்கட்டும். பகலில் தூங்குகிறவருக்கு இந்த ஓரங்கள்தான் முக்கியம், வெயில் நுழைவதே அந்த வழியாகத்தான். ஆக, தைத்து முடித்த உயரம் 60. மேல்மடிப்புக்கு 4, அடிமடிப்புக்கு 5, கை தவறினால் சமாளிக்க 3 என்று சேர்த்தால் ஒரு துண்டு 72 அங்குலம். அப்படி மூன்று துண்டு வெட்ட 216 அங்குலம், அதாவது ஐந்தரை மீட்டர் வேண்டும்.

ஐந்தரை மீட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறதா? ஒரு புடவையின் நீளம்! பீரோவில் இப்போது கட்டாமல் மடித்து வைத்த பழைய காட்டன் புடவை ஒன்று இருந்தால் துணிக்கே செலவில்லை. பலமுறை துவைத்ததால் இனிமேல் சுருங்கவும் சுருங்காது. முதலில் ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, மொட்டை மாடியில் வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகும் இடமும் தோளில் பின் குத்தும் இடமும் நைந்து, நூல் விலகி, கண் கண்ணாகத் தெரிந்தால் அந்தப் புடவையை விட்டுவிடுங்கள். இன்னொன்று, புடவையை நெடுக்காகத் தொங்கவிடும்போது பூவும் மாங்காயும் பக்கவாட்டில் படுத்துவிடும். கட்டமோ பொடிப் புட்டாவோ போட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று துண்டில் ஒன்றை மட்டும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, மற்ற இரண்டு துண்டோடும் ஒவ்வொரு பாதியாகச் சேருங்கள், ஜன்னலின் இரு பக்கத்துக்கும் இரண்டு ஸ்கிரீன் ஆகிவிடும். வெட்டிய ஓரத்தைப் பெரிய துண்டின் கரையோடு வைத்துத் தைத்தால், வெளியே தெரிகிற இரண்டு ஓரமும் புடவைக் கரையாகவே இருக்கும். பக்கத் தையல் வேலையே மிச்சம்.

புடவை மட்டும் போட்டால் இருட்டாகாது. பின்பக்கம் அடர் நிறத்தில் பழைய டபுள் பெட்ஷீட் ஒன்று வேண்டும். 90க்கு 100 அளவில் இருந்தால், 100 அங்குலத்தை அகலமாக வைத்து இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். உயரத்தில் மிஞ்சும் பட்டையில் ஒரு தலையணை உறை தைக்கலாம். புடவை பெட்ஷீட்டைவிட அகலமாக இருக்கும். மேலே மட்டும் அரை அங்குலக் கொசுவமாக, ஒரு ஸ்கிரீனுக்கு இருபது கொசுவம் வரை எடுத்து இரண்டையும் சமமாக்கி, சேர்த்துத் தையுங்கள். பக்கமும் அடியும் தனித்தனியாகவே தொங்கட்டும். பெட்ஷீட் ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால் கீழே எட்டிப் பார்க்காது.

மேல்மடிப்பை அரை அங்குலம் மடித்து, பிறகு மூன்றரை அங்குலம் மடித்துத் தையுங்கள். உச்சியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு இன்னொரு தையல் போட்டால் நடுவில் இரண்டரை அங்குலத்துக்குக் கம்பி நுழைய இடம் கிடைக்கும். இரும்பு வளையம், இரும்பு ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். நம் பக்கத்துக் கடல் காற்றில் துருப்பிடித்துத் துணியின் மேல்மடிப்பில் பழுப்புக் கறை ஏறிவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியே வாங்குங்கள். வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போடுவதற்கு முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் புடவை தேறவில்லையா? சரி, 1,500இல் 400 ரூபாயைக் கம்பிக்கும் நூலுக்கும் ஒதுக்குங்கள். மீதி 1,100ஐ ஐந்தரையால் வகுத்தால் மீட்டருக்கு 200 ரூபாய். அதற்கு மேல் சொல்லும் துணியைக் கையில் எடுத்துப் பார்க்கவே வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு உங்களுக்குப் பக்கம்தான். தீபாவளி நெருக்கத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது, சாதாரண நாளில் காலையிலேயே போய்விடுங்கள். பாரிமுனை கோடவுன் தெரு மொத்த வியாபாரம் நடக்கிற இடம், சில்லறையில் வெட்டிக் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் விலைக்கு முன்னால் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். என் கணக்கெல்லாம் 46, 48 அங்குலப் பன்னாவுக்குத்தான். 36 அங்குலம் என்றால் நான்கு துண்டு வேண்டும், மீட்டர் விலையில் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும். புதுத் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகே வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் ஓர் இழையைப் பிடித்து மெல்ல உருவினால் துணியின் குறுக்கே மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே கத்திரியை ஓட்டினால் துணி கோணாது.

மிஷினுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டி மாட்டலாம். புது ஊசி போடுங்கள், புடவைக்கு 14ஆம் நம்பர், பெட்ஷீட் சேரும் இடத்துக்கு 16. தைக்கும்போது துணியின் பாரம் ஊசியை இழுக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் துணியை வையுங்கள்.

அடிமடிப்பை மட்டும் உடனே தைக்காதீர்கள். பின் குத்தி இரண்டு நாள் தொங்கவிடுங்கள், காட்டன் கொஞ்சம் இறங்கும். அப்புறம் தரையிலிருந்து அளந்து மடித்து, அவர் ஷிப்டுக்குப் போன ஓர் இரவில் உட்கார்ந்து கையாலேயே எம்மிங் போட்டுவிடுங்கள்.